மூன்றாவது பிழை

ஜனவரி 6, சனி

சறுக்குமலை மனேஜர் கிறெய்க் இன்று எனக்குப் புதிதாக ஒரு வேலை தந்தார். சப்பாத்து வாடகைக் கவுண்டரில் நின்றபடியே செய்யலாம். பார்க்க வேண்டும், எழுத வேண்டும், திங்கள் காலையில் அவருடைய மேசையில் வைக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது ரெய்னா ஜூல்ஸ் என்பவளையும் அவள் கூட்டி வருகிற எட்டுப் பேரையும்.

ரெய்னா இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிப் பெண். பனிப்பலகையில் நாட்டுக்காகப் போட்டியிட்டவளாம். முழங்கால் போனபிறகு ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். இந்தச் சறுக்குமலை நிற்கிற நிலம் அவளுடைய சனத்தினுடையது. மேலே இன்னொரு கதிரை லிப்ட் போடுவதற்கு முதலாளிமாருக்கு அந்தச் சனத்தின் சம்மதம் தேவைப்பட்டது. ஆகவே அவள் கேட்டதற்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள்: ஒவ்வொரு சனியும் எட்டுப் பேருக்கு இலவசமாக ரிக்கற், சப்பாத்து, பலகை. மலைப்பக்கமே வந்திராதவர்களை அவள் கூட்டி வருவாள். அகதிகள், துப்புரவு வேலைக்காரர், அவளுடைய சொந்தச் சனம். டிசம்பரில் சம்மதம் கிடைத்துவிட்டது. இனி அந்த எட்டுப் பேர் தேவையில்லை. ஆனால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, பாதுகாப்பு விதி மூன்று தரம் மீறப்பட்டால் ஒழிய.

"மூண்டு போதும், வதனி. நீங்கள் பொய் ஒண்டும் கட்ட வேண்டாம். நடக்கிறதை எழுதுங்கோ" என்றார் கிறெய்க்.

இந்த ஊரில் தமிழ் பேசுகிற ஒரே வீடு எங்களுடையது. மற்றவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை என் காதில் எப்படி விழுகிறதோ அப்படி இந்தக் கொப்பியில் தமிழில் எழுதுகிறேன். தேவையானதை மட்டும் பிறகு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. கிறெய்க் கதைத்தால் எனக்கு 'நீங்கள்' என்று கேட்கிறது. ரெய்னா கதைத்தால் 'நீ' என்று கேட்கிறது.

காலையில் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"நீ எந்த ஊர்?"

"சிறிலங்கா."

"அதில எங்கை?"

"சொன்னால் உனக்குத் தெரியாது."

"சொல்லு, பாப்பம்."

"கிளிநொச்சி."

அந்தப் பெயரை இரண்டாம் தரம் சரியாகவே சொன்னாள். பிறகு, "இப்ப உங்கட நிலத்தை ஆர் வச்சிருக்கினம்?" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? ஏழாம் அளவுச் சப்பாத்தை எடுத்து அவள் முன்னால் சத்தம் வர வைத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "இது எங்கட மலை" என்றாள்.

எங்கட என்று சொல்ல ஒரு மலையே இருக்கிறவளுக்கு இலவச ரிக்கற் எதற்கு?

ஏப்ரலில் பனி உருகும்போது என் வேலையும் போய்விடும். மூன்று வருடமாக இப்படித்தான். கிறெய்க் இன்று வருடம் முழுக்க இருக்கிற மேற்பார்வை வேலையைப் பற்றிக் கதைத்தார். தருகிறேன் என்று சொல்லவில்லை. கதைத்தார்.

ஜனவரி 8, திங்கள்

கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "அவசரமில்லை, இன்னும் எத்தினையோ சனி கிடக்கு" என்றார் கிறெய்க். பஸ் வராததால் தன்னுடைய வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். இந்த ஊரில் என் பெயரை ஒழுங்காகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ரெய்னா சொன்னது ஊர்ப் பெயர். அது வேறு.

ஜனவரி 13, சனி

முதலாவது பிழை.

செலாம் என்று ஒரு எரித்திரியாக்காரி. முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறாள். முப்பது வயதிருக்கும். நான் கொடுத்த சப்பாத்து காலைக் கடிக்கிறது என்றிருக்கிறாள். ரெய்னா அவளைக் கவுண்டருக்கு அனுப்பவில்லை. வாங்கில் இருந்தபடியே பக்கத்தில் இருந்தவளோடு சப்பாத்தை மாற்றிப் போடச் சொல்லிவிட்டாள். விதிப்படி ஒவ்வொரு சோடியும் ஒரு படிவம், ஒரு பெயர். மாற்றுவதென்றால் என்னிடம் வர வேண்டும்.

ஏன் வரவில்லை என்று ரெய்னா சொன்னதும் என் காதில் விழுந்தது.

"அந்த மனுசியிட்டப் போனால் பத்து நிமிசம் படிவம் நிரப்பும். மூஞ்சியும் காட்டும். நீங்கள் மாத்திப் போடுங்கோ."

மூஞ்சியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதவில்லை. மற்றதை நேரம் போட்டு எழுதினேன். 9.40.

ஜனவரி 14, ஞாயிறு

என் மனிசன் குலேந்திரன் லொறியோடு அல்பேட்டாவில் நிற்கிறார். தொலைபேசியில் சொன்னேன்.

"என்னப்பா, வகுப்பில கதைக்கிற பிள்ளையளின்ர பேர் எழுதுற மொனிற்றர் வேலையோ உமக்கு?" என்று சிரித்தார்.

"வருசம் முழுக்க வேலை கிடைச்சால் நீங்கள் உந்தப் பனிக்குள்ள லொறி ஓட்டத் தேவையில்லை."

"ஓமோம். எதுக்கும் பாத்துச் செய்யும்."

எதைப் பார்த்து? கேட்பதற்குள் வைத்துவிட்டார். வீட்டு வாசல் பனியைத் தள்ளினேன். கோழிக்கறி வைத்தேன். மூன்று நாளைக்குக் காணும்.

ஜனவரி 20, சனி

பிழை இல்லை. எட்டுப் பேரும் எட்டு விதமாக விழுந்தார்கள். செலாம் விழுந்தால் எழும்ப முன்னரே சிரிக்கிறாள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்கிறது. அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது?

டயர் கடைக்கார டக், ஸ்கீ மெழுகு வாங்க வந்தார். பனிக்காலம் முழுவதற்குமான பருவ ரிக்கற் வைத்திருப்பவர், கிறெய்க்கின் சிநேகிதர். வெளியே பார்த்துவிட்டு, "இது மலையோ, பிள்ளை பராமரிப்பு நிலையமோ?" என்றார். நானும் சிரித்தேன். வாடிக்கையாளர்.

மதியம் அந்தக் கூட்டம் வாங்கில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பைகளுக்குள் இரண்டு ஸ்கீக்காரர்கள் அழுக்குப் பனியை அள்ளிப் போட்டார்கள். பருவ ரிக்கற் பெடியள்தான். பார்த்தேன். கிறெய்க் கேட்டது ரெய்னாவின் கூட்டத்தின் பிழைகளை, மற்றவர்களுடையதை அல்ல. ஆகவே ஆங்கிலத்தில் இல்லை.

ரெய்னா பைகளைக் கவிழ்த்துத் தட்டினாள். நனைந்த பாண் துண்டுகளைக் குப்பையில் போட்டாள். தன்னுடையதை எட்டாகப் பிய்த்துக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்துக்குள் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 27, சனி

இரண்டாவது பிழை.

மரிசெல் என்ற பிலிப்பினோ தாய். அவளுடைய ஒன்பது வயது மகள் ரெய்னாவின் கூட்டத்தில் இருக்கிறாள். பிள்ளை முதல் தரம் விழாமல் இறங்கப் போகிறது என்று ரெய்னா தாயையும் மேலே கூப்பிட்டாள். மேலே போவதற்கு 'கம்பளம்' இருக்கிறது, ஓடும் ரப்பர்ப் பட்டை, ஏறி நின்றால் கொண்டுபோய் விடும். மரிசெல் ரிக்கற் இல்லாமல், நெஞ்சில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். குழந்தையோடு ஏறக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் சிவப்பில் எழுதியிருக்கிறது. கம்பளத்தடியில் நின்ற எங்கள் ஆளே கையைக் காட்டி ஏற்றிவிட்டான். அதை எழுதினால் அவனுடைய வேலை போகும். எழுதவில்லை.

பிள்ளை விழாமல் இறங்கியது. தாய் மேலே நின்று கத்திய கத்தில் குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

நேரம் 11.15.

ஜனவரி 29, திங்கள்

கிறெய்க் வாசித்துவிட்டு, "குழந்தையோட! கடவுளே. உங்களுக்கு நல்ல கண்" என்றார். மேற்பார்வை வேலைக்கு மார்ச்சில் ஆள் எடுப்பார்களாம். இன்னும் ஒன்று.

பெப்ரவரி 3, சனி

பிழை இல்லை. மதியம் சாப்பிடவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 5, திங்கள்

இடுப்பில் உள்ளங்கை அளவுக்கு நீலமாகக் கண்டியிருக்கிறது. சப்பாத்துப் பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று குலேந்திரனிடம் சொன்னேன். "பெட்டி தூக்கினால் இடுப்பு நீலமாகுமோ?" என்று கேட்கிறார். லொறிக்காரருக்கு இதெல்லாம் எதற்கு?

பெப்ரவரி 6, செவ்வாய்

சரி, எழுதுகிறேன்.

சனி மதியம் சோற்றுப் பெட்டியைத் திறக்கப் போனேன். ரெய்னா ஒரு பலகையைக் கவுண்டரில் சாத்தினாள். "எல்லாற்ற காலையும் அளக்கிறாய். உன்ர கால் ஆறு. வா" என்றாள். நான் மாட்டேன் என்றேன். பயமா என்று கேட்டாள். பயமில்லை, சாப்பாட்டு நேரம் என்றேன். "அப்ப ஆரும் உன்னை ஒண்டும் கேக்கேலாது" என்றாள்.

ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவள் சொன்ன விதத்தில் எரிச்சல் வந்தது. எரிச்சலில்தான் போனேன்.

இரண்டு காலையும் ஒரு பலகையில் கட்டினால் மனிசர் மரக்கட்டைதான். இரண்டு தரம் இடுப்பு அடிபட விழுந்தேன். செலாம் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மூன்றாம் தரம் ரெய்னா முன்னால் நின்று, "கீழ பாக்காத. போக வேண்டிய இடத்தைப் பார்" என்று கத்தினாள். நான் வேலியோரத்து ஊசியிலை மரத்தைப் பார்த்தேன். பலகை போகத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை எண்ணியிருப்பேன். காதில் காற்று. யாரும் என்னைத் துரத்தவில்லை. நானும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. சும்மா போய்க்கொண்டிருந்தேன்.

கீழே விழுந்ததும் பனிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். வியர்வை.

இதை ஆங்கிலத்தில் எழுதத் தேவையில்லை. சாப்பாட்டு நேரம் என்னுடையது.

பெப்ரவரி 10, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு நான் வரும்போது 'மெதுவாக' என்று எழுதிய செம்மஞ்சள் பதாகை கடைச் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. பழகுகிறவர்களின் சரிவுக்கு மேலே அதைத் தினமும் கட்டுவார்கள். கட்டுகிற ஆளை வாகனத் தரிப்பிடத்துப் பனி தள்ளக் கிறெய்க் அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. பத்து மணிக்கும் அது அங்கேயேதான் கிடந்தது.

பத்து இருபதுக்கு ரெய்னாவின் கூட்டம் சரிவின் இடது கரையில், மரங்களை ஒட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் இடம். ஓய்வெடுப்பதென்றால் கரைக்குப் போங்கோ என்று அவள் ஒவ்வொரு சனியும் சொல்கிறவள். கடைசியில் செலாம் இருந்தாள்.

டக் மேலிருந்து நேராக இறங்கி வந்தார். வேகம். நடுச் சரிவு முழுக்க வெறுமையாக இருந்தது. ஒருவேளை அவர்களுக்குக் கிட்ட வந்து பனியை அடித்துவிட்டுப் போக நினைத்தாரோ தெரியாது. கரைப்பக்கம் வெட்டித் திரும்பினார். ஸ்கீ வழுக்கியது. செலாமின் மேலே போய் விழுந்தார்.

அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. அவளுடைய வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

வலது மணிக்கட்டு. எலும்பு வெளியே வரவில்லை, ஆனால் கை இருக்கக்கூடாத மாதிரி இருந்தது. ரெய்னா தன்னுடைய கழுத்துச் சால்வையால் கட்டினாள். டக் எழும்பி நின்று ரெய்னாவைப் பார்த்துக் கத்தினார்.

"பாதையில குந்திக்கொண்டிருந்தால் ஆர் என்ன செய்யிறது? இதுகளை ஏன் இஞ்சை விடுறியள்?"

"நீ கரையில வந்து அடிச்சனி. கரையில!" என்று ரெய்னா கத்தினாள். அவளுடைய குரல் உடைந்ததை இன்றுதான் கேட்டேன்.

கிறெய்க் ஓடி வந்தார். முதலில் செலாமைப் பார்க்கவில்லை. கடை ஜன்னலை, என்னைப் பார்த்தார்.

பெப்ரவரி 12, திங்கள்

ஆங்கிலத்தில் நான் எழுதிய வரி: 'கூட்டம் சறுக்கும் சரிவில் உட்கார்ந்திருந்தது.'

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கரையும் சரிவுதான். பதாகையைப் பற்றிக் கிறெய்க் கேட்கவில்லை.

"மூண்டு" என்றார் கிறெய்க். தன் கையாலேயே எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார்.

பெப்ரவரி 15, வியாழன்

மருந்துக் கடையில் செலாம். முழங்கை வரை மாக்கட்டு. என்னைக் கண்டதும் "அக்கா" என்றாள். சொன்னது 'சிஸ்டர்', எனக்கு அக்கா என்றுதான் கேட்டது.

"வேலை?" என்றேன்.

"ஒரு கையால துணி தோய்க்கேலாதுதானே அக்கா. வரவேண்டாம் எண்டிட்டினம்."

"மலைக்காரரின்ர காப்புறுதி இருக்கே."

"பாதையில இருந்தது என்ர பிழையாம், அதால தராதாம். ஆரோ பாத்து எழுதிக் குடுத்திருக்கினமாம்."

"ஆர்?"

"தெரியாது. கடவுளுக்குத் தெரியும்." பிறகு இடது கையால் என் இடுப்பைத் தொட்டு, "உங்கட நோ மாறிட்டுதோ?" என்றாள்.

பல்பொடியை எடுக்க மறந்து வந்துவிட்டேன்.

பெப்ரவரி 17, சனி

கூட்டம் வரவில்லை. விசாரணை முடியும் வரை வரக்கூடாதாம். சரிவு அமைதியாக இருக்கிறது. எனக்கு அதுதானே வேண்டும்.

பெப்ரவரி 19, திங்கள்

வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம். முதலாளிமாரின் ஆள், ஒரு பெண், நகரத்திலிருந்து வருகிறாள். ரெய்னாவும் வருவாள். கிறெய்க் என்னையும் வரச் சொன்னார்.

"எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது" என்றேன்.

"நீங்கள் கதைக்கவே தேவையில்லை, வதனி. நான் வாசிப்பன். மூண்டு தரம் உங்களைப் பாப்பன். நீங்கள் தலையை ஆட்டினால் போதும்."

பெப்ரவரி 20, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

என் தம்பி ரமணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சண்டை முடிந்து முகாமுக்குள் எங்களைக் கொண்டுவந்த மூன்றாம் நாள். ஆமிக்காரர் பெடியளை வரிசையில் விட்டார்கள். வரிசை ஒரு வானைக் கடந்து போக வேண்டும். வானுக்குள் தலையிலிருந்து துணியால் மூடிக்கொண்டு ஒரு ஆள். ஒவ்வொருவராகக் கடக்கக் கடக்க அந்தத் தலை ஆடும், அல்லது ஆடாது. எங்கள் ஊரில் அப்படிக் காட்டிக்கொடுக்கிற ஆளுக்குத் தலையாட்டி என்று பெயர். ரமணன் இயக்கத்தில் இருந்தவன் அல்ல. கூட்டுறவுச் சங்கக் கடையில் நின்றவன். தலை ஆடியது. அவனை இடது பக்கம் போகச் சொன்னார்கள். திரும்பி என்னைப் பார்த்து, வந்திடுவன் என்பது மாதிரிக் கையைக் காட்டினான்.

துணிக்குக் கீழே தெரிந்த கால்கள் பெண்ணின் கால்கள். பாட்டாச் செருப்பு. அவளுக்கு என்ன தருகிறோம் என்று சொல்லியிருப்பார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என்ன தந்திருந்தாலும் அவளுடைய கழுத்து முறிய வேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன்.

குலேந்திரன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"லைனில இருக்கிறியளோ?" என்றேன்.

"இருக்கிறன். வேலை போனால் போகட்டும், என்ன? நான் ஓட்டுறன்தானே."

பெப்ரவரி 22, வியாழன்

நீள மேசை. ஒரு பக்கம் கிறெய்க்கும் முதலாளிமாரின் பெண்ணும். மறுபக்கம் ரெய்னா தனியாக. எனக்குக் கதிரை கிறெய்க்குக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் ரெய்னா நிமிர்ந்து பார்த்தாள். எழுதியது யாரென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுடைய முகத்தில் கோபம் வருமுன் வேறொன்று வந்து போனது. அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

கிறெய்க் முதலாவதை வாசித்தார். சப்பாத்து. என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். இரண்டாவதை வாசித்தார். குழந்தை. பார்த்தார். என் கழுத்து அசையவில்லை.

"அவ கொஞ்சம் கூச்சம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மூன்றாவதை வாசித்தார்.

நான் எழும்பி நின்றேன். எழும்பத் தேவையில்லை, ஆனால் இருந்தபடி சொல்ல வரவில்லை.

"முதல் ரெண்டும் நடந்தது. நான் எழுதினது. மூண்டாவது பிழை. அவை கரையில இருந்தவை. மேல இருந்து பாத்தால் தெரியிற இடம். அந்த ஆள் கரைக்கு வந்து அடிச்சவர். 'மெதுவாக' எண்ட பதாகை கட்டேல்லை. பத்து மணிக்கும் கடைச் சுவரோட சுருட்டிக் கிடந்தது, நான் கண்டனான். தெரிஞ்சுகொண்டுதான் எழுதாமல் விட்டனான்."

என் ஆங்கிலம் எப்படியிருந்ததோ தெரியாது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். "காப்புறுதிக்காரருக்கும் இதை எழுத்தில தருவியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ரெய்னா மேசையில் வைத்திருந்த கையை மெதுவாக மூடினாள்.

கிறெய்க் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை. பஸ் வராத நாட்களில் என்னோடு கதைக்கிற அதே குரல்.

"வதனி, என்ர அறை ஜன்னலும் அதே பக்கம்தான். மூண்டாம் தேதி மத்தியானம் பலகையில ஏறினது நீங்களோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரெய்னா தலையைச் சற்றே, மற்றவர் காணாத மாதிரி, இல்லையென்று அசைத்தாள். சொல்லாதே என்கிறாள். இல்லை என்றால் அவரால் நிரூபிக்க முடியாது. ஆனால் இங்கே ஒரு பொய் சொன்னால் செலாமின் கைக்காக நான் சொன்னதும் பொய்யாகிவிடும்.

"நான்தான்."

"ரிக்கற் இருந்ததோ? படிவம்?"

"இல்லை."

"ஏத்தினது ஆர்?"

"நான்" என்றாள் ரெய்னா.

"அப்ப மூண்டு" என்றார் கிறெய்க்.

அந்தப் பெண் பேனையை மூடினாள்.

பெப்ரவரி 24, சனி

ரெய்னாவின் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அடுத்த வார வேலை அட்டவணையில் என் பெயர் இல்லை. அதற்கடுத்த வாரத்திலும் இல்லை. மேற்பார்வை வேலைக்கு டக்கின் மருமகளை எடுக்கப் போகிறார்களாம். காப்புறுதிக்காரருக்குக் கடிதம் எழுதி அஞ்சலில் போட்டேன். அரிசி ஊறப்போட்டேன்.

பெப்ரவரி 28, புதன்

மரக்கறிக் கடையில் ரெய்னா. உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் போயிருக்கலாம்.

"செலாமுக்குக் காசு குடுக்கப் போகினமாம்" என்றாள். என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நல்லது."

"ஆறு கிழமை எழுதியிருக்கிறீர். எங்களைப் பாத்துப் பாத்து." இன்று எனக்கு 'நீ' கேட்கவில்லை, 'நீர்' என்று கேட்டது.

"ஓம்."

"எதுக்கு?"

"வருசம் முழுக்க வேலை எண்டவர்."

"கிடைச்சுதோ?"

"இல்லை."

சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல. "எனக்கு அந்த ஒப்பந்தத்துக்கு நாலு வருசம் எடுத்தது. தெரியுமோ? நாலு வருசம் உந்த ஆக்களுக்கு முன்னால பல்லைக் காட்டினனான்."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. உருளைக்கிழங்குக்கு முன்னால் நின்று அதைச் சொன்னால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் நான் ஏன் போட வேண்டும்?

"சனிக்கிழமை என்ன செய்யப் போறீங்கள்?" என்றேன்.

"எங்கட மண்டபத்துக்குப் பின்னால ஒரு சரிவு இருக்கு. லிப்ட் இல்லை, கம்பளம் இல்லை. நடந்து ஏறி இறங்கப் போறம்." பையைக் கட்டினாள். "உம்மை நான் கூப்பிடேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 2, சனி

குலேந்திரன் நேற்று வந்தார். லொறியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். காலையில் என்னைக் காரில் கொண்டுபோய் மண்டபத்தடியில் இறக்கினார். "நிக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். மரிசெலும் மகளும் இருந்தார்கள். செலாம் மாக்கட்டோடு ஒரு மரக்குற்றியில் இருந்தாள். எழுதிக் கொடுத்தது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் நிறைய வித்தியாசம்.

நல்ல உயரமான சரிவு. முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பனி. பலகை ஓட வேண்டுமென்றால் முதலில் மிதித்து இறுக்க வேண்டும். எல்லாரும் காலில் பனிக்குள் புதையாத அகலச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் நின்று மிதித்தார்கள். ரெய்னா என்னிடம் வந்து ஒரு சோடியைப் பனியில் போட்டாள்.

"நடுவில ஒரு பட்டை மிதிக்காமல் விட்டுக் கிடக்கு. மேல இருந்து கீழ வரைக்கும்."

"எப்பிடி..."

"கதைக்க வேண்டாம். மிதியும்."

மிதித்தேன். பத்து அடி மிதிக்க மூச்சு வாங்கியது. பக்கத்தில் மிதித்தவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள், நான் கிட்ட வந்தால் நிறுத்தினார்கள். மரிசெல் குழந்தையைச் செலாமின் மடியில் விட்டுவிட்டு வந்து மிதித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலம். கையுறைக்குள் வியர்த்து, வெளியே எடுத்தால் விறைத்தது. இங்கிருந்து பார்த்தால் கிறெய்க்கின் மலை தூரத்தில் தெரிகிறது. லிப்ட் கதிரைகள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தன.

முதலில் ரெய்னா இறங்கினாள். முழங்கால் சரியில்லாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் பலகையைத் திருப்பும்போது பனி எழும்பி வெயிலில் நின்றது. எல்லாரும் கத்தினார்கள். அடுத்தது மரிசெலின் மகள். ஒழுங்காக வந்தாள். நடுப்பட்டைக்கு வந்ததும், பாதிச் சரிவில், பலகை ஒரு மெத்தென்ற இடத்தில் புதைந்தது. பிள்ளை குப்புற விழுந்தது. எழும்பி மூக்கைத் துடைத்தது. அழவில்லை.

ரெய்னா கீழேயிருந்து ஏறிப்போய் அந்த இடத்தைக் காலால் குத்திப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இது ஆர் மிதிச்ச இடம்?"

எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என்னைச் சுட்டிக்காட்டவில்லை.

"நான்" என்றேன்.

"இறுகேல்லை. திரும்ப மிதியும். பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம்."

ஏறிப்போனேன். மிதித்தேன்.